நாற்பத்தைந்து விநாடி இருட்டு

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு பையன் வந்திருந்தான். கையில் டிஸ்டில்டு வாட்டர் கேன், தோளில் ஒரு பை, காதில் ப்ளூடூத். பால்கனி மூலையில் குந்தி உட்கார்ந்து, பேட்டரியின் ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூடி திறந்திருப்பான், அந்த வாடை வந்துவிட்டது. புளிப்பும் இரும்பும் கலந்தது, தொண்டையின் அடியில் லேசாகக் கீறும். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"வாடை அடிக்குதா சார்? ஃபேன் போடட்டுமா?"

"இருக்கட்டும் தம்பி. நீ வேலையைப் பாரு."

தண்ணீர் ஊற்றி முடித்து மீட்டரை வைத்துப் பார்த்தான். "பன்னெண்டே முக்கால் காட்டுது சார். பேட்டரி சூப்பரா இருக்கு."

"லோடு போட்டுப் பாத்தியா?"

"அதான் காட்டுதே சார்."

எழுந்து போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஹால் ஃபேன் ஒரு நொடி தயங்கிவிட்டு மறுபடி சுற்றியது. சமையலறையில் மிக்ஸி நின்றுபோய், உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. பையன் கையிலிருந்த மீட்டரில் எண் வழுக்கிக்கொண்டே இறங்கியது. பன்னிரண்டுக்குக் கீழே போனதும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சார் எந்த கம்பெனில இருந்தீங்க?"

கப்பலில் இருந்தேன் என்றேன். கப்பல் என்றால் எல்லோரும் அடுத்து எத்தனை நாடு பார்த்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். இவன், "அங்கேயும் இன்வெர்ட்டர் உண்டா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மூடிகளை மாட்டிவிட்டு அவன் போய்விட்டான். வாடை மட்டும் மத்தியானம் வரை போகவில்லை.

என் முதல் கப்பல் நிலக்கரியும் தானியமும் ஏற்றும் பல்க் கேரியர். இந்தியக் கப்பல்களில் மின் அதிகாரிக்குப் பத்தி சாப் என்று பெயர். சீஃப் எஞ்சினியர் படா சாப். நான் ஏறியபோது எனக்கு மேலே இருந்த பத்தி சாப் தூத்துக்குடிக்காரர். முதல் நாள் இந்தியில் ஆரம்பித்து, என் ஊரைக் கேட்டதும் தமிழுக்கு வந்து, சாயந்திரத்துக்குள் 'ஏலே'க்கு வந்துவிட்டார். நானும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அவருடைய அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். உப்பும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்த பாய்மரத் தோணிகள் அவை. எஞ்சின் கிடையாது, கரண்டும் கிடையாது. இரவில் பின்பக்கம் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். காற்றில் அது அணைந்தால் அப்பா எழும்பும் முன்னே தான் எழும்பிவிடுவேன் என்பார்.

அண்ணாச்சி என்னை முதலில் கூட்டிப்போன இடம் எஞ்சின் ரூம் இல்லை. மேலே, போட் டெக்கில் இருந்த பேட்டரி ரூம். ஒரு ஆள் திரும்ப இடமிருக்கும், அவ்வளவுதான். மர அடுக்குகளில் ஈய பேட்டரிகள் வரிசையாக இருந்தன. சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் தங்காமல் வெளியேறுவதற்குக் கூரையில் ஒரு புகைபோக்கி. கதவைத் திறந்ததும் இதே வாடைதான் முகத்தில் அடித்தது. அண்ணாச்சி ரப்பர் கையுறையை என்னிடம் நீட்டி, கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். அதுதான் ஹைட்ரோமீட்டர். ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சினால் உள்ளே மிதவை எழும்பும். கண்ணுக்கு நேராகப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும். 1.250க்கு மேல் இருந்தால் பேட்டரி தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு செல்லாகப் படித்து நோட்டில் எழுதினேன். ஒரு சொட்டு கூடச் சிந்தவில்லை என்றுதான் நினைத்தேன். பாய்லர் சூட்டைத் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் தெரிந்தது, தொடைப் பக்கம் முழுக்கக் கடுகு கடுகாகப் பொத்தல். ஆசிட் பட்ட பருத்தித் துணி துவைக்கும்வரை காட்டிக்கொடுக்காது. அந்தக் காலத்துப் பத்தி சாப் யாருடைய பாய்லர் சூட்டை எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பொத்தல்கள் இருக்கும்.

"இந்த ரூமுக்குப் படா சாப் வரமாட்டாரு. கேப்டன் வரமாட்டாரு. மத்த மெஷினு கெட்டா அலாரம் அடிக்கும். இது கெட்டா ஒரு சத்தமும் வராது. ராத்திரிதான் தெரியும்" என்றார் அண்ணாச்சி.

ஓடும் கப்பலில் கரண்ட் போவது என்பது வீட்டில் போவதைப் போல இல்லை. முதலில் தெரிவது இருட்டு அல்ல, நிசப்தம். நாள் முழுக்கக் காதில் இரைந்துகொண்டிருக்கும் காற்றாடிகள் ஒவ்வொன்றாக முனகி அடங்கும். பம்புகள் நிற்கும். எண்ணெயும் தண்ணீரும் அனுப்ப ஆளில்லாமல் பெரிய எஞ்சினும் தானே நின்றுவிடும். நம் காலடியில் எப்போதும் இருக்கும் அதிர்வு போய், தரை செத்ததுபோல் ஆகிவிடும். தூங்கிக்கொண்டிருப்பவன்கூட அந்த அமைதியில் விழித்துக்கொள்வான்.

அதற்குத்தான் எமர்ஜென்சி ஜெனரேட்டர். கடல் பயண உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தை நாங்கள் சோலாஸ் என்போம். அதன்படி இந்த ஜெனரேட்டர் எஞ்சின் ரூமில் இருக்கக் கூடாது. எஞ்சின் ரூமில் தீயோ தண்ணீரோ வந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும் இல்லையா? ஆகவே முழுநீள மேல் தளத்துக்கும் மேலே, திறந்த வெளியிலிருந்து நேராக நுழையும்படியான தனி அறை. தனி ஸ்விட்ச்போர்டு. தனி டீசல் டாங்கி. சரக்குக் கப்பலுக்கு 18 மணி நேரம், பயணிகள் கப்பலுக்கு 36 மணி நேரம் தாங்க வேண்டும். கப்பல் ஒரு பக்கமாக 22.5 டிகிரி சாய்ந்தாலும் முழுச் சக்தியோடு ஓட வேண்டும். கரண்ட் போனதிலிருந்து 45 விநாடிக்குள் தானே கிளம்பி, தானே இணைந்து, வெளிச்சம் தர வேண்டும். எல்லா விளக்கும் எரியாது. நடைவழியில் ஒன்று விட்டு ஒன்று, படிக்கட்டு, லைஃப் போட் இறக்கும் இடம், ஸ்டியரிங் இருக்கும் அறை, இப்படிச் சில. அந்த விளக்குகளின் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருப்போம். ட்யூபை மாற்றும்போது சிவப்புப் பொட்டு விளக்குக்குத்தான் முதல் மரியாதை.

சனிக்கிழமை காலை அதைச் சோதிக்கும் நேரம். பெரும்பாலான கப்பல்களில் சனிக்கிழமை என்றாலே பாதுகாப்புச் சாமான்களை ஓட்டிப் பார்க்கும் நாள். லைஃப் போட் எஞ்சின், தீயணைப்பு பம்பு, எமர்ஜென்சி ஜெனரேட்டர் எல்லாம் அன்று ஓடும். ஜெனரேட்டரைப் பொத்தான் அமுக்கிக் கிளப்பி, பத்து நிமிடம் சும்மா ஓட விட்டு, நிறுத்தி, 'சோதித்தது, நன்றாக உள்ளது' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவதுதான் வழக்கம். அண்ணாச்சிக்கு அது பிடிக்காது. "பந்தியில உக்காராத மாப்பிள்ளை மாதிரி, சும்மா ஓடுறது ஓட்டமாலே?" என்பார். மாதத்தில் ஒரு தடவையாவது கேப்டனிடம் முன்கூட்டிச் சொல்லி, மெயின் ஸ்விட்ச்போர்டிலிருந்து எமர்ஜென்சி ஸ்விட்ச்போர்டுக்கு வரும் இணைப்பை நிஜமாகவே திறந்துவிடுவார். அதோடு தொங்கும் எல்லாம் போகும். பிரிட்ஜில் ரேடார் அணையும். கேப்டன் ஃபோனில் சத்தம் போடுவார். அண்ணாச்சி ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பார்.

ஜெனரேட்டரைக் கிளப்ப இரண்டு வழி வேண்டும் என்பதும் விதி. ஒன்று பேட்டரி. எங்கள் கப்பலில் இன்னொன்று ஹைட்ராலிக், அதாவது கைப்பம்பு அடித்து எண்ணெயை அழுத்தத்தில் சேமித்துவைத்து, லீவரைத் தட்டினால் அந்த அழுத்தம் எஞ்சினைச் சுழற்றிவிடும். பம்பு அடிக்கும் வேலை எனக்கு. கடைசி இருபது அடியில் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். குளிர் தேசத்துத் துறைமுகத்தில் ஒரு சனிக்கிழமை, வெளியே பனி, உள்ளே பம்பு அடித்து வேர்த்து நின்றேன். எஞ்சினின் தண்ணீரைச் சூடாக வைக்கும் ஹீட்டரை அண்ணாச்சி கையால் தொட்டுப் பார்த்தார். இஞ்செக்டரைவிட அந்தச் சின்ன ஹீட்டர்மேல்தான் அவருக்குக் கண். பனிக்கட்டியில் கிடக்கிற டீசல் எஞ்சின் எத்தனை லீவர் தட்டினாலும் எழும்பாது.

மலாக்கா ஜலசந்திக்குள் ஒரு ராத்திரி அது நிஜமாகவே தேவைப்பட்டது. அழுக்கு எண்ணெய் ஃபில்டரை அடைத்து, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் தடுமாறி நின்றது. அதன் பாரத்தை வாங்கிய அடுத்ததும் நின்றது. நான் என் கேபினில் இருந்தேன். காற்றாடி அடங்கியது. எண்ண ஆரம்பித்தேன். இருபதை ஒட்டி மேலே எமர்ஜென்சி ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். வெளிச்சம் வரவில்லை. நாற்பத்தைந்து தாண்டியது. எஞ்சின் ஓடுகிற சத்தம் இருக்கிறது, விளக்கு இல்லை. அதைப்போல ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. எஞ்சினே கிளம்பாவிட்டால் என்ன கோளாறு என்றாவது தெரியும்.

கதவைத் திறந்தேன். நடைவழியில் கைப்பிடிக் கம்பியை உரசியபடி யாரோ போகும் சத்தம். ஓட்டமில்லை, நடை. "ஏலே, அங்கனயே நில்லு, குறுக்க வராத" என்று குரல் வந்தது. அண்ணாச்சி போய்க்கொண்டிருந்தார். அவர் கையில் டார்ச் இருந்தது, போடவில்லை என்று பிறகு சொன்னார். கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் அடித்தால் ஓரம் தெரியாதாம். எமர்ஜென்சி ஸ்விட்ச்போர்டில் தேர்வுச் சாவி ஆட்டோவில் இல்லாமல் கை இயக்கத்தில் நின்றிருந்தது. அதனால் ஜெனரேட்டர் ஓடியும் பிரேக்கர் இணையவில்லை. அதைத் தன் கையால் மூடினார். சிவப்புப் பொட்டு விளக்குகள் படபடத்து எரிந்தன.

அதற்குள் பிரிட்ஜில், கப்பல் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு அடையாளமான இரண்டு சிவப்பு விளக்குகளைப் பேட்டரியில் ஏற்றியிருந்தார்கள். இரண்டாம் அதிகாரி ஆல்டிஸ் விளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நெருங்கி வந்த ஒரு கன்டெய்னர் கப்பலை நோக்கி மின்னல் அடித்துக்கொண்டிருந்தாராம். அந்தக் கப்பல் ஒதுங்கிப் போனது.

யார் சாவியைத் திருப்பிவைத்தது என்று அண்ணாச்சி யாரையும் கேட்கவில்லை. மறுநாள் மெல்லிய செம்புக் கம்பியை எடுத்து, சாவியை ஆட்டோவில் வைத்து முறுக்கிக் கட்டினார். திருப்ப வேண்டுமென்றால் கம்பியை அறுக்க வேண்டும். அறுத்தவன் தன்னிடம் வந்து சொல்லிப் புதுக் கம்பி கட்டிக்கொள்ள வேண்டும். பூட்டுப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "பூட்டுப் போட்டா சாவிய எவன் தேடுவான் இருட்டுல?" என்றார்.

பிறகு எனக்கு ஒரு பயிற்சி ஆரம்பித்தது. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, என் கேபினிலிருந்து எமர்ஜென்சி ஜெனரேட்டர் ரூம் வரை போக வேண்டும். எத்தனை கதவு, எந்தக் கதவு உள்ளே திறக்கும், எந்தப் படிக்கட்டில் கைப்பிடி பாதியில் முடிகிறது, எல்லாம் கைக்குப் பழக வேண்டும். சமையல்காரர்களும் கேடட்களும் சிரிப்பார்கள். இப்போதும் புது ஹோட்டலில் அறை எடுத்தால், படுக்கும் முன் படிக்கட்டுவரை ஒருமுறை நடந்துபோய்க் கதவுகளை எண்ணிவிட்டுத்தான் வருகிறேன். என் மகன் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான்.

டைட்டானிக் படம் கேசட்டாக எங்கள் கப்பலுக்கு வந்தது நினைவிருக்கிறது. ஸ்மோக் ரூமில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். மற்றவர்கள் ஜாக்கையும் ரோஸையும் பார்த்தார்கள். அண்ணாச்சி விளக்குகளைப் பார்த்தார். கப்பல் முன்பக்கமாக மூழ்கிக்கொண்டே இருக்க, ஜன்னல்களில் வெளிச்சம் மட்டும் அப்படியே எரிகிறதே, அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1912 ஏப்ரலில் நிஜமாகவே நடந்தது அது. கப்பல் அடியில் போவதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை டைட்டானிக்கில் விளக்கு எரிந்தது. பெரிய ஜெனரேட்டர்கள் நான்கு போக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே 30 கிலோவாட் டைனமோ இரண்டு தனியாக இருந்தன. கீழே நின்ற எஞ்சினியர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இடைவேளையில் அண்ணாச்சி இதைச் சொன்னபோது ஸ்மோக் ரூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு யாரோ இரண்டாம் கேசட்டைப் போட்டார்கள். சோலாஸ் ஒப்பந்தத்தின் முதல் வடிவம் அந்த விபத்துக்குப் பிறகு 1914இல் வந்ததுதான்.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற பிறகு நான் சில ஆண்டுகள் பால்டிக் கடலில், கார்களையும் ஆட்களையும் ஏற்றும் ஃபெர்ரி ஒன்றில் இருந்தேன். அங்கே கண்ட விளக்குகள் வேறு ஜாதி. பொது இடங்களிலும் நடைவழிகளிலும் ஒவ்வொரு விளக்கின் வயிற்றுக்குள்ளும் தனித்தனி பேட்டரி. மெயின் போய், எமர்ஜென்சி ஜெனரேட்டரும் போய், கப்பல் எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் மூன்று மணி நேரம் எரிய வேண்டும். இந்த விதி எங்கிருந்து வந்தது என்பது கடலோடிகளுக்குத் தெரியும். 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற ஃபெர்ரி, முன்பக்கக் கதவை மூடாமலேயே கிளம்பியது. கார் தளத்தில் தண்ணீர் புகுந்து, சுமார் ஒன்றரை நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. 193 பேர் இறந்தார்கள். சுவர் தரையாகி, நடைவழி கிணறாகிவிட்ட இடத்தில், விளக்கும் போய்விட்டால் எந்தப் பக்கம் மேல் என்றே தெரியாது. ஜெனரேட்டர் 45 விநாடியில் கிளம்பும் என்ற கணக்கு, கப்பல் நிமிர்ந்து நிற்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. அந்த நம்பிக்கை போன பிறகுதான் விளக்குக்குள்ளேயே பேட்டரி வந்தது.

இன்னொரு சமாச்சாரம் தரையில் இருந்தது. நடைவழி ஓரமாக, கணுக்கால் உயரத்தில் ஒரு பச்சைப் பட்டை. பகலில் பார்த்தால் வெளிறிய பிளாஸ்டிக், ஒன்றும் விசேஷமில்லை. விளக்கை அணைத்தால் மெல்ல ஒளிரும். புகை மேலே ஏறும். கூரை விளக்கு எத்தனை பிரகாசமாக எரிந்தாலும் புகைக்கு மேலேதான் எரியும். தவழ்ந்து போகிறவனுக்குத் தரையில்தான் வழி வேண்டும். 1990 ஏப்ரலில் 'ஸ்காண்டினேவியன் ஸ்டார்' என்ற கப்பலில் பிடித்த தீயில் 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் புகையால். அதற்குப் பிறகு பயணிகள் கப்பல்களில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வழிகாட்டும் ஒளி இருக்க வேண்டும் என்று விதி வந்தது.

இந்தப் பச்சைப் பட்டையால் எனக்கும் அந்தக் கப்பலின் ஹோட்டல் மேனேஜருக்கும் ஒரு நீண்ட சண்டை. கரண்ட் மிச்சம் பிடிக்க ராத்திரி நடைவழி விளக்குகளை அணைத்துவைக்கச் சொல்வார் அவர். பட்டை தன்னால் ஒளிர்வதில்லை, மேலே இருக்கும் விளக்கிடம் வாங்கி வைத்துத்தான் ஒளிர்கிறது, விடியவிடிய இருட்டில் கிடந்தால் விடிகாலைத் தீயில் ஒன்றுக்கும் ஆகாது என்று நான் சொல்வேன். "இப்பவும் மின்னுகிறதே" என்பார். ஒரு நாள் விடிகாலையில் எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினேன். பைஜாமாவோடு நின்று தரையைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து விளக்கு எரிந்தது. ஆனால் என்னிடம் அவர் சரியாகப் பேசுவதை விட்டுவிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

கப்பலை விட்டு எண்ணெய் மேடைக்குப் போனபோது விளக்கே முதலில் எனக்குப் புரியவில்லை. மும்பைக்கு மேற்கே 160 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் நிற்கும் மும்பை ஹை வயலுக்கு ஜூஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் போவோம். மேலிருந்து பார்த்தால் மேடையெல்லாம் தீபாவளி. ஃபிளேர் எரியும் ஆரஞ்சு வெளிச்சத்தில் ராத்திரி என்பதே இல்லை. அங்கே பயம் இருட்டைப் பற்றியது மட்டுமல்ல, விளக்கைப் பற்றியதும்கூட. வாயு கசிந்திருக்கும் இடத்தில் ஒரு சாதாரண ஸ்விட்சின் பொறி போதும். அதனால் விளக்குகள் கனத்த வார்ப்பு உலோகக் கூட்டுக்குள் இருக்கும். வாயு உள்ளே போகாதபடி அடைத்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படியில்லை. வாயு உள்ளே போகும், உள்ளே வெடிக்கவும் செய்யலாம். அந்த வெடிப்பைக் கூடு தாங்கும். மூடியும் உடலும் சேரும் விளிம்பில் இருக்கும் மயிரிழை இடைவெளி வழியாக வெளியே வருவதற்குள் நெருப்பு ஆறிப்போய்விடும். வேலை அந்த விளிம்பில்தான். அங்கே ஒரு கீறல் விழுந்தாலோ, சுற்றியிருக்கும் போல்ட்டுகளில் ஒன்று குறைந்தாலோ, அது பாதுகாப்பு விளக்கு இல்லை. ஒரு ட்யூப் மாற்ற அனுமதிச் சீட்டு வாங்கி, வாயு அளந்து, கரண்டைப் பூட்டி, போல்ட்டுகளைத் தட்டில் எண்ணிவைத்து, முடிந்ததும் மறுபடி எண்ணி மாட்ட வேண்டும். அரை நாள் போய்விடும்.

வாயு கசிவது உறுதியானால் மேடையில் சாதாரணச் சாதனங்களுக்கான கரண்ட் எல்லாம் தானே துண்டாகும். அந்தக் கனத்த கூட்டு விளக்குகள் மட்டும் பேட்டரியில் எரியும். மேடையின் மூலைகளில் கப்பல்களை எச்சரிக்கும் வெள்ளை விளக்கும் விடாமல் மின்னும். இரண்டு குறில், ஒரு நெடில். மோர்ஸில் அது 'யு' என்ற எழுத்து. நீ ஆபத்தை நோக்கி வருகிறாய் என்று பொருள். ஹெலிகாப்டர் தளத்தைச் சுற்றி முன்பு மஞ்சள் விளக்குகள் இருக்கும். மேடை முழுக்கச் சோடியம் விளக்கின் மஞ்சள் என்பதால் பைலட்டுகளுக்குத் தளம் பிரிந்து தெரிவதில்லை. பின்னாளில் அதைப் பச்சையாக மாற்றினார்கள். மாற்றிய வாரம் வந்த பைலட் இறங்கியதும் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பத்தி சாப் வேலையில் பாராட்டு என்று வந்தால் அவ்வளவுதான் வரும்.

2005 ஜூலை 27 அன்று நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். முதல் நாள்தான் மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி ஊரே முழுகியிருந்தது. மறுநாள் மும்பை ஹை நார்த் மேடை எரியும் படம் டி.வி.யில் வந்தது. காயம்பட்ட ஒருவரை இறக்க வந்த 'சமுத்ர சுரக்‌ஷா' என்ற உதவிக் கப்பல், அலையில் தள்ளப்பட்டு மேடையின் வாயுக் குழாயில் மோதியது. இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லை. 384 பேரில் 22 பேர் போய்விட்டார்கள். மழைக்கால இருட்டில், கொந்தளிக்கும் கடலிலிருந்து 362 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள் கடற்படையினரும் கரையோரக் காவல் படையினரும் அக்கம்பக்கத்துக் கப்பல்காரர்களும். அன்று ராத்திரி எனக்குத் தெரிந்த எண்களுக்கெல்லாம் ஃபோன் போட்டேன். பாதி எண் கிடைக்கவில்லை.

லைஃப் ஜாக்கெட் தோளில் ஒரு சின்ன விளக்கு உண்டு. தண்ணீர் பட்டதும் தானே எரியும். 0.75 கேண்டெலா, எட்டு மணி நேரம். ஒரு மெழுகுவர்த்தியைவிடக் குறைவான வெளிச்சம். அதைப் பரிசோதிக்கும்போது கேடட்கள், "இதை வச்சு என்ன சார் தெரியும்?" என்று கேட்பார்கள். போட்டிருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அது அவனைத் தேடி வருகிறவனுக்கு. மேடையிலிருந்து மீண்டு வந்த ஒருவரைப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்தேன். தண்ணீரில் கிடந்தபோது அக்கம்பக்கத்தில் தெரிந்த அந்தப் பொட்டு விளக்குகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது நிறைய மாறிவிட்டது. எல்.இ.டி. வந்த பிறகு ட்யூப் மாற்றும் வேலையே குறைந்தது. பேட்டரிகள் மூடி திறக்க முடியாத வகை. ஹைட்ரோமீட்டரை எடுத்துக் காட்டினால் புதுப் பையன்கள் காய்ச்சல் பார்க்கும் கருவியா என்பார்கள். துணியில் பொத்தல் இல்லை, வாடையும் இல்லை. கரண்ட் போனால் முதலில் எரிவது கைபேசி டார்ச்தான். 2010இல் மணிலாவில் திருத்திய விதிகளுக்குப் பிறகு எங்கள் வேலைக்குத் தனிச் சான்றிதழும் முறையான பதவிப் பெயரும் கிடைத்தன. நல்ல விஷயம்தான். விளக்குகள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டு கணினிக்குச் செய்தி அனுப்புகின்றன. என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் கப்பலிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். திரை முழுக்கப் பச்சை டிக். 'எல்லாம் ஓகே சார்' என்று எழுதியிருந்தான். 'மெயினை அணைத்துப் பார்த்தாயா?' என்று பதில் போட்டேன். இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

அண்ணாச்சியைக் கடைசியாகப் பார்த்தது தூத்துக்குடியில், அவர் பேத்தி கல்யாணத்தில். முந்தின நாள் சாயந்திரம் மண்டபத்துக்குள் நுழைந்தால் அவரைக் காணோம். மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லோரும் தேடுகிறார்கள். பின்பக்கம் ஜெனரேட்டர் கொட்டகையில், வெள்ளை வேட்டியோடு, மண்டப மேனேஜரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஆட்டோமேட்டிக் ஐயா. கரண்டு போனா தானா ஸ்டார்ட் ஆயிரும்" என்றார் மேனேஜர்.

"அப்ப ஒரு தடவ அமத்திப் பாத்துருவமா?"

"ஐயா, ஆளுக இருக்காங்க..."

அதற்குள் அண்ணாச்சியின் கை மெயினில் இருந்தது. மண்டபம் முழுக்க இருண்டது. சமையல்கட்டிலிருந்து ஒரு பெரிய கூச்சல். நாயனக்காரர் மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வாய்க்குள் எண்ணினார், பக்கத்தில் நின்று நானும் எண்ணினேன். நாற்பத்தைந்து வந்தது, அறுபது வந்தது, ஜெனரேட்டர் அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரியை யாரோ வேனுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மேனேஜர் அந்த இருட்டிலேயே ஓடினார். ராத்திரி பந்தி முடிவதற்குள் பேட்டரி வந்து, அண்ணாச்சி மறுபடி அமத்திப் பார்த்து, அது பன்னிரண்டு விநாடியில் கிளம்பிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் முகூர்த்தம் நன்றாக நடந்தது. கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. அதில் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.